புகார் கொடுத்தும் ஸ்டேஷனில் அசைவே இல்லையா?

தமிழ்நாட்டில் புகாரோடு ஸ்டேஷனுக்குப் போகிறவர்களில் பலர் "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, கூப்பிடுறோம்" என்ற பதிலோடு வெறுங்கையாகத் திரும்பி வருகிறார்கள். அங்கேதான் எல்லாம் கெடுகிறது. புகார் வந்ததற்கே தடயம் இல்லையென்றால், அதைக் கிடப்பில் போட்டவரை எந்த மேலதிகாரி கேள்வி கேட்பார்? அதனால் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்ததைப் பதிவு செய்து ஸ்டேஷனில் தரும் சீட்டு) வாங்காமல் நகராதீர்கள்.

ஆனால் சி.எஸ்.ஆர். வேறு, வழக்காகவே பதிவு செய்யும் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) வேறு. வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. எஃப்.ஐ.ஆர். போடும் முன் முதற்கட்ட விசாரணைக்குச் சில வகை வழக்குகளில் மட்டும்தான் இடம் உண்டு. "எங்க எல்லையில வராது" என்பதும் இப்போது செல்லாது, 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசம்.

மறுக்கிறார்களா? அதே புகாரை, போன தேதி, பேசிய அதிகாரி, அவர் சொன்ன பதில் எல்லாம் சேர்த்து எஸ்.பி.க்கு (மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு) ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீது பத்திரம்! அங்கும் நடக்கவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்துடன் மனு போடலாம், ஆனால் எஸ்.பி.யிடம் போனதற்கு ஆதாரம் கேட்பார்கள், அந்த ரசீதுதான் ஆதாரம். எஃப்.ஐ.ஆர். போட்டபின் வழக்கு தூங்கினால், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற, அதே சட்டத்தின் 193-ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டி எழுத்தில் கேளுங்கள்.

ஸ்டேஷனில் போலீஸே அடித்தாலோ மிரட்டினாலோ தாமதிக்கவே கூடாது. ஸ்டேஷன் சிசிடிவி பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது என்றாலும், அதை நம்பிச் சும்மா இருக்காமல் நாளும் நேரமும் குறிப்பிட்டுப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி உடனே மனு கொடுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போக வேண்டும்.

போலீஸார் மீதான புகார்களை விசாரிக்க போலீஸ் புகார் ஆணையம் என்றும் ஒன்று இருக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் அமையவேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006-ல் தீர்ப்பு வந்தது, ஆனால் 2013-ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம் அந்த இடத்தில் உள்துறைச் செயலாளரையும் கலெக்டரையும் உட்கார வைத்தது. என்னைக் கேட்டால் இது பெரிய அநியாயம், அரசின் போலீஸை அரசு அதிகாரியே விசாரிப்பதில் மக்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்? அதனால் அதை மட்டும் நம்பி மற்ற வழிகளை விட்டுவிடாதீர்கள்.

வக்கீல் வைக்கப் பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தருவார்கள்.