பால்டர்ஸ் கேட்டில் ஆறு பேரைச் சேர்ப்பது எப்படி? (மூணு பெரிசா, எட்டு பெரிசா?)

ஹட்டனில் ஜூலை மழை பிடித்தால் விடாது. அப்படி அடைபட்டுக் கிடந்தபோது, 1998இல் வந்த இந்த ரோல்-பிளேயிங் கேமைத் தம்பியின் பழைய லெப்டொப்பில் தொடங்கினேன். மூன்று தரம் தோற்று, நாலாம் தரம்தான் சரிவந்தது. இன்ஸ்டால் பண்ணுவது உங்களுக்கே தெரியும். நேரே ஆள் சேர்ப்புக்கு வருவோம்.

1. உங்கள் ஆளை ஃபைட்டராக (வாள்வீரனாக) உருவாக்குங்கள். முதல் தடவையே மந்திரவாதி வேண்டாம், ஒரு அடிக்கே விழுந்துவிடுவான்.

2. இமோயின் தானாக வந்து சேர்வாள். அவள் திருடி, பூட்டுத் திறப்பதும் பொறி கண்டுபிடிப்பதும் அவள் பொறுப்பு. லெவல் ஏறும்போது புள்ளிகளைப் பொறி கண்டுபிடிப்பதில் போடுங்கள். கையில் வில் கொடுத்துப் பின்னால் நிறுத்துங்கள்.

3. ஃப்ரெண்ட்லி ஆர்ம் சத்திரத்தில் காலித், ஜஹேரா. வாசலில் ஒருவன் உங்களைக் கொல்லக் காத்திருப்பான். படி ஏறுமுன் கியூ பட்டனைத் தட்டி சேவ் பண்ணுங்கள். எங்கள் பக்கம் மழைக்குக் கரண்ட் வேறு போகும், அதனால் எனக்கு அந்தப் பட்டன்தான் தெய்வம்.

4. நாஷ்கெலில் மின்ஸ்க். அவன் கேட்டபடி நோல் என்ற அரக்கர்களின் கோட்டைக்குப் போய் டைனஹீரை மீட்டால் மந்திரத்துக்கும் ஆள் கிடைத்துவிடும். தாமதித்தால் மின்ஸ்க் கோபித்துக்கொள்வான்.

5. கவசம். நான் சறுக்கிய இடம் இதுதான். கடையில் பாதுகாப்பு எண் (ஆர்மர் கிளாஸ்) பிளேட் மெயில் என்ற இரும்புக் கவசத்துக்கு 3, தோல் கவசத்துக்கு 8 என்று போட்டிருந்தது. எண்ணும் பெரிசு, சல்லியும் மிச்சம் என்று தோலை வாங்கி முன்வரிசைக்கு மாட்டினேன். நாஷ்கெல் சுரங்கத்தில் கோபோல்டு என்ற குட்டி அரக்கர்கள் விட்ட அம்பெல்லாம் தைத்தது. ஆள் தேர்வுதான் பிழை என்று இரண்டு தரம் முழுக் கூட்டத்தையும் கலைத்துப் பார்த்தேன். அப்புறம்தான் விளங்கியது: இங்கே எண் குறையக் குறைய நல்லது. வெறும் உடம்புக்கு 10. ஆக, சல்லி சேர்ந்ததும் முதல் செலவு முன்னால் நிற்கிறவர்களின் இரும்புக் கவசம். மந்திரக் கோலெல்லாம் பிறகு பார்க்கலாம்.

சுரங்கத்தில் இமோயினை மெதுவாக நடத்துங்கள். ஆறு செக்கனுக்கு ஒரு தடவைதான் பொறி தேடுவாள். ஓடினால் பொறியை மிதித்த பிறகுதான் தெரியும்.

பின்சேர்க்கை: காலித்தை அனுப்பினால் ஜஹேராவும் போய்விடுகிறாள், ஏதாவது பிழையா என்று ஒருவர் கேட்டிருந்தார். பிழை இல்லை. அவர்கள் புருஷன் பெண்சாதி. மின்ஸ்கும் டைனஹீரும் புருஷன் பெண்சாதி இல்லை, ஆனாலும் அவர்களும் சோடிதான். ஒருவரை அனுப்பினால் மற்றவரும் கிளம்பிவிடுவார்.