முகாம் அணிக்குப் பேரேடு எழுதுவது எப்படி? (1943 சீசனை வைத்து)

கணக்குப் பிரிவில் 31 வருடம் உட்கார்ந்து எழுந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகும் கோடு போட்ட நோட்டு இல்லாமல் கை ஓடவில்லை. இப்போது இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்க ராணுவ முகாம்களின் ஃபுட்பால் அணிகளுக்குப் பேரேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். நம்ம ஊர்க் கால்பந்து இல்லை இது. நீள்வட்டப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்.

ஆரம்பிக்கிறவர்கள் 1943-இன் அயோவா ப்ரீ-ஃப்ளைட் 'சீஹாக்ஸ்' அணியை எடுங்கள். கடற்படை விமானிகளுக்கு அடிப்படைப் பயிற்சி தந்த முகாம் அது. அணி 10 ஆட்டத்தில் 9 ஜெயித்தது.

முதலில் அணியின் முழுப் பெயரைப் பக்கத்தின் தலையில் எழுதுங்கள். நான் எழுதாமல் விட்டு இரண்டு நாள் வேலையை வீணாக்கினேன். அதே ஊரில் அயோவா பல்கலைக்கழகத்துக்கும் தனி அணி, மைதானமும் ஒன்றே, போதாததற்கு இரண்டும் ஒன்றோடொன்று மோதவும் செய்தன. இரண்டு அணிகளின் ஆட்டங்களையும் ஒரே பக்கத்தில் ஏற்றிவிட்டு, கூட்டல் ஏன் இடிக்கிறது என்று முழித்துக்கொண்டிருந்தேன்.

தேதி, எதிரணி, புள்ளி என்ற மூன்று பத்திகளை எல்லோரும் போடுவார்கள். நீங்கள் கூடவே இரண்டு போடுங்கள்: ஆள் வரவு, ஆள் பற்று. முகாம் அணியின் சீசன் அங்கேதான் இருக்கிறது. நேற்று வரை தொழில்முறை அணியில் ஆடியவர் சீருடையோடு வந்து நிற்பார். மாற்றல் உத்தரவு வந்தால் நல்ல ஆட்டக்காரர் வாரத்தின் நடுவிலேயே கிளம்பிவிடுவார்.

எதிரணிக்கும் இதே கணக்குதான். கல்லூரி அணி என்றால் அங்கே எந்தப் படையின் பயிற்சி நடந்தது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரிகளிலேயே அதிகாரிகளைப் பயிற்றுவிக்க 1943 ஜூலை 1-இல் தொடங்கிய கடற்படையின் வி-12 திட்டத்து மாணவர்கள் கல்லூரி அணியில் ஆடலாம். தரைப்படையின் திட்டத்தில் படித்தவர்களுக்கு அந்த அனுமதி இல்லை. ஒரு கல்லூரி திடீரென்று எழுந்ததும் இன்னொன்று படுத்ததும் ஏன் என்பது இந்த ஒரு குறிப்பிலேயே பாதி புரிந்துவிடும்.

சரி, நவம்பர் 20-க்கு வாருங்கள். நோட்ர டேம் பல்கலைக்கழக அணி 14, சீஹாக்ஸ் 13. இந்த எண்களை அவசரமாகத் தாண்டாதீர்கள். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பதுதான் டச்டவுன். அதற்கு 6, அதன் பிறகு உதைக்கும் உதைக்கு 1. இரண்டு தரப்பும் இரண்டிரண்டு டச்டவுன் அடித்தன. நோட்ர டேமின் இரண்டு உதையும் சேர்ந்தது, சீஹாக்ஸுக்கு ஒன்று போயிற்று. இனி நோட்ர டேமின் பற்றுப் பத்தியைப் பாருங்கள்: அவர்களின் குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்திப் பந்தை வீசுகிறவர்) ஏஞ்சலோ பெர்டெல்லி 6 ஆட்டம் ஆடிவிட்டு மரைன் படைக்குப் போய்விட்டார். அந்த ஆறே ஆட்டத்துக்கு, ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதும் கிடைத்தது! அவர் இடத்தில் ஆடியவர் 18 வயது ஜானி லூஜாக்.

ஒரு வாரம் கழித்து இன்னொரு கடற்படை முகாம் அணியான கிரேட் லேக்ஸ், கடைசி நிமிடத்தில் ஒரு நீள வீச்சில் நோட்ர டேமை 19–14 என்று கவிழ்த்தது. அந்த கிரேட் லேக்ஸை சீசன் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகம் 23–13 என்று அடித்திருந்தது. பர்டியூவோ தோற்கவே இல்லை. ஆனால் ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் நோட்ர டேம் 1, சீஹாக்ஸ் 2, பர்டியூ 5, கிரேட் லேக்ஸ் 6. ஐந்தொகை இடிக்கிறது என்று பதறவேண்டாம். அது பத்திரிகைக்காரர்கள் போட்ட ஓட்டு. ஐந்தொகைக்குள் கொண்டுவராமல் அடியில் தனிக் குறிப்பாக வையுங்கள்.

பயிற்சியாளர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எனக்குப் பிடித்த பக்கம் அதுதான். சீஹாக்ஸின் டான் ஃபாரட், மிசூரி பல்கலைக்கழகத்தில் தான் உருவாக்கிய 'ஸ்ப்ளிட் டி' என்ற தாக்குதல் ஆட்டமுறையை இங்கே கொண்டுவந்தார். உதவியாளர்களாக இருந்த ஜிம் டேட்டமும் பட் வில்கின்சனும் அதைக் கற்றுக்கொண்டு, போருக்குப் பின் அடுத்தடுத்து ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளர்களாகப் போனார்கள். வில்கின்சன் காலத்தில் ஓக்லஹோமா தொடர்ந்து 47 ஆட்டம் ஜெயித்தது. முகாமில் வரவு வைத்தது எங்கே செலவானது பாருங்கள்.

இது முடிந்தால் 1944-இன் ராண்டால்ஃப் ஃபீல்டுக்குப் போகலாம். விமானப்படை முகாம், தொழில்முறை ஆட்டக்காரர் பில் டட்லி ஆடிய அணி. ஒரு தோல்வியும் இல்லை, ஏபி வரிசையில் 3-ஆம் இடம். புள்ளிப் பத்தியைக் குறுக்கி, ஆள் வரவுக்கு அரைப் பக்கம் விடுங்கள்.