மாங்கோடிபி லோக்கலில் கனெக்ட் ஆகவில்லையா?

நோட்ஜேஎஸ்ஸை (ஜாவாஸ்கிரிப்ட் கோடை ஓட்டும் மென்பொருள்) 17-ஆம் பதிப்புக்கோ அதற்கு மேலோ மாற்றியதும், நேற்றுவரை ஓடிய கோடு உங்கள் கணினியிலேயே இருக்கும் மாங்கோடிபி டேட்டாபேஸோடு கனெக்ட் ஆகாமல் அடம்பிடிக்கிறதா? எரர் மெசேஜில் ::1:27017 என்று இருக்கிறதா பாருங்கள். புது நோட், லோக்கல்ஹோஸ்ட் (உங்கள் கணினியையே குறிக்கும் பெயர்) என்பதற்கு ::1 என்ற ஐபிவி6 முகவரியை முதலில் எடுக்கக்கூடும். மாங்கோடிபியோ வழக்கமாக 127.0.0.1 என்ற ஐபிவி4 முகவரியில்தான் காத்திருக்கும். கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் (கோடில் டேட்டாபேஸ் முகவரி எழுதும் வரி) லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பதில் 127.0.0.1 போடுங்கள், ஓடிவிடும். டேட்டாபேஸை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்வதெல்லாம் வீண் வேலை.

அப்படியே அதே வரியில் உள்ள பாஸ்வேர்டையும் ஒரு பார்வை பாருங்கள். அதில் @ இருந்தால் %40 என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் பாஸ்வேர்டு எங்கே முடிகிறது, சர்வர் பெயர் எங்கே தொடங்குகிறது என்று டிரைவருக்கு (மாங்கோடிபியோடு பேசும் லைப்ரரி) தெரியாது. முக்காற்புள்ளி (:) இருந்தால் %3A என்று எழுத வேண்டும். கையால் மாற்றுவதைவிட, கோடிலேயே பாஸ்வேர்டை இப்படி என்கோட் செய்துவிடுவது நல்லது.