பையை இலேசாக்கும்போது எங்கே தவறுகிறோம்?

அமெரிக்காவின் அப்பலாச்சியன் டிரெயில் என்ற நீண்ட மலை நடைப்பாதை ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை சுமார் 3,500 கி.மீ. போகிறது. தெற்கிலிருந்து கிளம்பினால் ஏறத்தாழ 50 கி.மீ. தாண்டி நீல் கேப் என்ற இடத்தில் ஒரு கடை வரும். அங்கே வந்து சேரும் பலரும் பையைக் கொட்டி, வேண்டாததையெல்லாம் வீட்டுக்குப் பார்சல் போடுகிறார்கள். அதை வீட்டிலேயே செய்திருந்தால் அந்த 50 கி.மீ. முழங்கால் தப்பித்திருக்கும்.

குறைக்கிறேன் என்று டூத்பிரஷ் கைப்பிடியை வெட்டுகிறவர்கள் உண்டு. மிச்சமாவது சில கிராம். டென்ட், ஸ்லீப்பிங் பேக், பை மூன்றிலும்தான் கிலோக்கணக்கில் குறைக்க முடியும். அதிலும் பையைக் கடைசியில் வாங்குங்கள். பெரிய பையை முதலில் வாங்கினால், காலி இடத்தைப் பார்த்ததும் எதையாவது திணிக்கத்தான் கை போகும்.

சுமை குறைந்தால் பறந்துவிடலாம் என்று நினைப்பதும் தவறு. சமதளத்தில் வேகம் பெரிதாக ஏறாது. ஏற்றத்தில் மூச்சு வாங்குவது குறையும், பையை இறக்கி உட்காருவது குறையும், சாயங்காலமும் கால் ஒத்துழைக்கும். கூடுதல் தூரம் அப்படித்தான் கிடைக்கிறது. ஆனால் முதல் வாரத்திலேயே தூரத்தைக் கூட்டாதீர்கள். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். தசைநாணும் பாத எலும்பும் பழக நாளாகும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது மழைக்கோட்டையும் கம்பளி உடையையும் விட்டுச் செல்வதுதான். இதே பாதையில் 2,025 மீட்டர் உயரமுள்ள குவோஹி சிகரம் இருக்கிறது. அந்தப் பக்கம் ஏப்ரலிலும் பனி விழும். நனைந்த உடம்பில் காற்று அடித்தால், குளிர் உறைநிலையைத் தொடாதபோதே உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

இவ்வளவு குறைவான சுமையே போதும் என்பதற்கு எம்மா கேட்வுட்டை உதாரணம் காட்டுவார்கள். 1955-இல், 67 வயதில், தானே தைத்த துணிப்பையோடு டென்ட் இல்லாமல் முழுப் பாதையையும் நடந்து முடித்தவர். மாபெரும் சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் வழியில் பல இரவுகள் முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் தங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு மெய்னில் வழி தவறி, பயணத்தை நிறுத்த வேண்டியும் வந்தது.

அப்புறம், காலிப் பையை மாட்டிப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஐந்து நாள் சாப்பாடு மூன்று கிலோவைத் தாண்டும். இடுப்புப் பட்டை இல்லாத மெல்லிய பையில் அத்தனையும் தோளில்தான் இறங்கும். எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு ஒரு முழு நாள் நடந்து பாருங்கள். தோள் வலித்தால் சற்று கனமான, பட்டை வைத்த பையே சரி.