காணிக்குடிக்குச் செடி பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பாபநாசத்தில் காரையாறு பஸ் ஏறும்போது நாலு மாணவர்களைப் பார்த்தேன். கையில் அச்சடித்த படிவம்: செடி, பயன்படும் பாகம், தீரும் நோய். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் இதே மூன்று கட்டத்தோடுதான் இந்த மலைப் பழங்குடிகளான காணிகளைப் பார்க்கப் போனேன். அட்டைக்கடிக்கு உப்பு, குடை எல்லாம் உங்களுக்கே தெரியும். விடுகிறேன்.

நோயை மட்டும் கேட்பது

ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு செடியாகக் காட்டி "இது எந்த நோய்க்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூங்கில் வகையான ஈத்தையைக் காட்டியதும் சிரித்துவிட்டார். "சீக்குக்கா? அது கூரைக்குல்லா." 'மருத்துவப் பயன் இல்லை' என்று எழுதி, அந்த வரியை அடித்தும் விட்டேன்.

தலைக்கு மேலே கூரை ஈத்தை இலை. உட்கார்ந்திருந்த பாய் ஈத்தை. அவித்த மரவள்ளி வந்த கூடையும் ஈத்தை. பேசிக்கொண்டே அவர் ஒரு தண்டைக் கால் பெருவிரலில் இடுக்கி, நுனியில் கத்தியால் கீறி, ஒரே இழுப்பில் அடிவரை பிளந்தார். பிறகு உட்சதையைச் சீவித் தள்ளினார். அரைமணி நேரம் வேடிக்கை பார்த்தேன். ஓர் எழுத்து எழுதவில்லை.

ஈத்தை ஒருமுறைதான் பூக்கும். பூத்தால் புதரே காய்ந்துபோகும். அப்படிக் காய்ந்த வருடங்களில் எதை வைத்து வேய்ந்தார்கள்? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றித் திரும்பிப் போனபோது அந்த வீட்டில் தகரம் ஏறியிருந்தது. பெரியவரும் இல்லை. அடித்த வரி மட்டும் நோட்டில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான்.

அந்த மாணவர்களிடம் நாலாவதாக 'வேறு பயன்' என்று ஒரு கட்டம் போடச் சொன்னேன். "கைடு ஒத்துக்க மாட்டார் சார்" என்றான் ஒருவன். சரி.

பக்குவத்தை விடுவது

காட்டுக் காய்வள்ளிக் கிழங்கு கசக்கும். 'வேகவைத்து உண்பர்' என்று எழுதினால் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை முறை தண்ணீர் வடிக்கிறார்கள் என்பதில்தான் விஷயம். வீட்டில் ஒரே தண்ணீரில் அவித்துத் தின்று, ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தவன் சொல்கிறேன்.

ஆரோக்கியப்பச்சையைப் பற்றித் துருவிக் கேட்பது

1987-ல் கேரளப் பக்கத்து அகத்தியமலையில், வழிகாட்டியாக வந்த காணிகள் மென்ற காயைப் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் இந்தச் செடியைத் தெரிந்துகொண்டார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. வெளியாளிடம் சொன்னது சரியா, பங்கு யாருக்கு என்று காணிகளுக்குள்ளேயே மனத்தாங்கலும் வந்தது. முதல் நாளே இதைக் கேட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும்.

வேரோடு பிடுங்குவது

புலிகள் காப்பகம் அது. கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.