பிள்ளைகள் நாடகத்துக்குப் பின்மேடையில் உதவப் போகிறீர்களா? முதல் தடவைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

எங்கள் வீட்டில் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கிறார்கள். டாலஸ் பக்கம் எங்களைப் போன்ற குடும்பங்கள் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவோம். இந்தத் தடவை 8 வயதிலிருந்து 17 வரை 24 பிள்ளைகள். மேடை, ஒரு சர்ச் ஹால். "பின்மேடையைப் பார்த்துக்க முடியுமா?" என்று கேட்டார்கள். நாற்காலி தூக்குகிற வேலைதானே என்று தலையாட்டிவிட்டேன்.

1. உரிமையைப் பார்த்துவிட்டு நாடகத்தைத் தேர்ந்தெடுங்கள்

பிள்ளைகள் மியூசிக்கல்தான் கேட்பார்கள். அதற்கு உரிமம் வாங்கிப் பணம் கட்ட வேண்டும். டிக்கெட் விற்காமல் இலவசமாகப் போட்டாலும் அப்படித்தான். அனுமதியில்லாமல் ஒரு வசனத்தைக்கூட வெட்டக் கூடாது. அமெரிக்காவில், வெளியாகி 95 வருஷம் தாண்டிய நாடகங்களுக்குக் காப்புரிமை கிடையாது. அதனால் ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' எடுத்து, யாரையும் கேட்காமல் 70 நிமிடமாக வெட்டினோம். ஒன்று கவனம்: பழைய நாடகத்தை யாராவது புதிதாகத் திருத்தி எழுதியிருந்தால் அந்தப் பிரதிக்கு உரிமை தனி.

2. வர முடியாத தேதிகளை முதலில் வாங்குங்கள்

12 வாரம், வாரத்துக்கு இரண்டு ஒத்திகை. வேஷம் கொடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் எந்த நாள் முடியாது என்று எழுதி வாங்கிவிடுங்கள். நமக்கெல்லாம் பள்ளி விடுமுறைக் கணக்கு கிடையாதே; கூட்டம் இருக்காது என்று பிப்ரவரியில் டிஸ்னிக்குக் கிளம்பிவிடுவார்கள்.

யாருக்கு எந்த வேஷம் என்ற பட்டியலை வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்புங்கள். அழுது முடிக்க இரண்டு நாள் வேண்டும், முக்கியமாக அம்மாக்களுக்கு. என் மகளுக்கு வந்தது 'சுவர்' வேஷம். அவள் செங்கல் வரைய அட்டைப்பெட்டி தேடிப் போய்விட்டாள். சனிக்கிழமை முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தது நான்தான்.

3. ஸ்டேஜ் மேனேஜர் ஒரு பிள்ளையாக இருக்கட்டும்

எங்களுக்கு வாய்த்தது 15 வயதுப் பெண். அவள் கையில் ஒரு பைண்டர். ஒரு பக்கம் வசனம்; எதிர்ப்பக்கம் யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்ற குறிப்பு. பென்சிலில் மட்டும் எழுதச் சொல்லுங்கள், அடுத்த ஒத்திகையில் மாறிவிடும். மேடையில் வலது, இடது என்றால் பார்வையாளர்களைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலது, இடது. அது எனக்குப் பிடிபடவே மூன்று வாரம் ஆயிற்று. 8 வயதுக்காரர்களுக்கு ஒரே நாள்.

4. சாமான் மேஜை

இந்த ஒன்றை மட்டும் உருப்படியாகச் செய்தாலே பாதிச் சண்டை குறையும். திரைக்குப் பின்னால் நீள மேஜை போட்டு, பழுப்புக் காகிதம் விரித்து ஒட்டுங்கள். வாள், பூ, லாந்தர், கழுதைத் தலை என்று ஒவ்வொன்றையும் வைத்து, மார்க்கரால் அதைச் சுற்றிக் கோடு போட்டு, உள்ளே பெயர் எழுதுங்கள். எடுத்த கைதான் திருப்பி வைக்க வேண்டும். கோட்டுக்குள் காகிதம் தெரிந்தால் சாமான் இன்னும் திரும்பவில்லை. இருட்டில் சின்ன டார்ச் அடித்தாலே போதும். நாங்கள் பார்க்க மறந்தது ஒன்றுதான்: சாமான் இடத்தில் இருந்தால் மட்டும் போதாது, வேலை செய்யவும் வேண்டும்.

5. கடைசி வாரம்

இதை டெக் வீக் என்பார்கள். வசனங்களைத் தாண்டி, விளக்கும் சத்தமும் மாறுகிற இடங்களை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். உடை போட்ட பிறகு தண்ணீர் தவிர எதுவும் வாய்க்குப் போகக் கூடாது. பீட்சா சாஸ் தேவதைச் சிறகிலிருந்து போகவே போகாது. ஸ்டேஜ் மேனேஜர் "ஐந்து நிமிஷம்" என்றால் எல்லோரும் "தேங்க் யூ, ஃபைவ்" என்று பதில் சொல்ல வேண்டும். மரியாதைக்கு மட்டுமில்லை, காதில் விழுந்தது என்று அவளுக்குத் தெரிவதற்கு. இப்போது எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் இதே பதில்தான்.

6. நாடகம் நடக்கும்போது சும்மா இருங்கள்

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. கடைசிக் காட்சியில் 'நிலா' வேஷக்காரப் பையன் லாந்தரோடு வந்து நிற்பான். அன்றைக்கு லாந்தர் எரியவில்லை. தட்டினான், குலுக்கினான், எரியவில்லை. என் கையில் புது பேட்டரி. ஒரு கால் திரையைத் தாண்டிவிட்டது. ஸ்டேஜ் மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்காமல், பஸ் கண்டக்டர் மாதிரி குறுக்கே கையை நீட்டினாள். நின்றேன்.

பையன் லாந்தரைக் கீழே இறக்கி, ராஜாவைப் பார்த்துச் சொன்னான்: "மன்னிக்கணும் பிரபு, இன்னிக்கு அமாவாசை." ஹாலே சிரித்தது. கதைப்படி அந்த ராஜாவின் கல்யாணமே புது நிலா வரும் நாளில்தான்! நான் ஓடியிருந்தால் லாந்தர் எரிந்திருக்கும், அவ்வளவுதான். அன்று இரவு காரில் போகும்போதும் நீட்டிய அந்தக் கைதான் கண்ணில் நின்றது. வீட்டில் கணக்குப் பாடத்தின்போது, பிள்ளை பென்சிலைக் கடித்து யோசிக்கும் முன்பே விடையைச் சொல்கிறவள் நான்.

7. கழற்றுவது

கடைசி நாள் நாடகம் முடிந்த இரவே எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும்; மறுநாள் காலை அங்கே வழிபாடு. தரையில் ஒட்டிய டேப்பை மெதுவாக, தாழ்வாக இழுங்கள், பெயிண்ட் உரியாது. கோணிப்பை, டேப், பெரிய குப்பைப் பை எல்லாம் நினைத்ததைவிட இரண்டு மடங்கு வாங்குங்கள். லாந்தரைப் பெட்டியில் வைக்கும்போது பேட்டரியை எடுத்துவிடுங்கள், கசிந்துவிடும். எங்கள் பெட்டி மேல் அந்தப் பெண்ணே பென்சிலில் எழுதியிருக்கிறாள்: "முதலில் எரிகிறதா என்று பார்."