வக்கீல் பீஸ்: எழுதாமல் விட்டால் எங்கே இடிக்கும்?

செட்டிநாட்டில் எதற்கும் எழுத்து உண்டு. கல்யாணத்துக்கு இசைகுடிமானம், மொய்க்கு ஏடு, கொடுக்கல் வாங்கலுக்குப் பேரேடு, வருஷக் கடைசியில் ஐந்தொகை. அதே குடும்பம் வீட்டுப் பங்கு வழக்குக்காக வக்கீலைப் பார்க்கப் போனால் மட்டும், "முதல்ல கேஸைப் போடுவோம், பீஸ் அப்புறம் பேசிக்கலாம்" என்ற ஒரு வார்த்தையோடு வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறது. வக்காலத்து, உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்குத் தரும் அதிகாரம். பீஸ் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது.

பீஸ் பற்றி எழுத்து எதுவும் இல்லாததால் பணமே தரவேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இதுதான் முதல் தவறு. வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் சட்டப்படி ஒப்பந்தம்தான். தொகையே பேசாமல் விட்டிருந்தாலும், இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் ஈடு தரவேண்டும் என்கிறது 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70 ஆம் பிரிவு. வழக்கறிஞர் கட்டணத்துக்கென்றே 1926 இல் வந்த சட்டம் இன்னும் தெளிவானது: பேசிய பீஸை வக்கீல் வழக்குப் போட்டு வாங்கலாம்; பேசவில்லை என்றால் சட்ட விதிகளின்படி கணக்கிட்ட தொகையைக் கேட்கலாம். ஆனால் அந்தக் கணக்கு வெளியில் வழங்கும் தொகையோடு ஒத்துப்போவது அபூர்வம். எழுதாமல் விட்டால் வக்கீலுக்கும் நஷ்டம்தான்.

அடுத்தது, என் பார்வையில் பெரும்பாலான சண்டைகளுக்கு வேர்: எவ்வளவு என்று மட்டும் கேட்பது, எதுவரைக்கும் என்று கேட்காதது. பாகப்பிரிவினை வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளும் ஒரு வீட்டில் பங்காளிகள் காரைக்குடி, சென்னை, பினாங்கு என்று சிதறிக் கிடப்பார்கள். கீழ்க் கோர்ட் முதலில் தருவது முதல்நிலைத் தீர்ப்பாணை. யாருக்கு எத்தனை பங்கு என்பதை மட்டும் அது சொல்லும். எந்த அறை யாருக்கு என்று பிரிப்பது அதற்குப் பிறகு வரும் இறுதித் தீர்ப்பாணையில்தான். கோர்ட் நியமிக்கும் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளப்பார், அறிக்கை தருவார், அதற்கு ஆட்சேபணை வரும். வீட்டைப் பிரிக்கவே முடியாது என்றால் 1893 ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டப்படி விற்றுப் பணத்தைப் பங்கிடும் பேச்சு எழும். தோற்றவர் அப்பீல் போனால் அது மாவட்ட நீதிமன்றத்துக்கோ, மதிப்பைப் பொறுத்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கோ போகும். "கேஸுக்கு இவ்வளவு" என்று பேசியபோது கட்சிக்காரர் மனதில் இருந்தது வீட்டுச் சாவி. வக்கீல் மனதில் இருந்தது முதல்நிலைத் தீர்ப்பாணை. இருவருமே பொய் சொல்லவில்லை. நடுவில் போடும் இடைக்கால மனுக்களுக்குத் தனி பீஸா, வாய்தாவுக்கு இவ்வளவு என்று கணக்கா, மதுரைக்கு வேறு வக்கீல் வைத்தால் அவர் பீஸ் யாருடையது என்பதையும் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும்.

பத்திரம் எழுதக் கூச்சமாக இருந்தால் வீட்டுக்கு வந்ததும் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்: "சார், இன்று பேசியபடி முதல்நிலைத் தீர்ப்பாணை வரை மொத்த பீஸ் இவ்வளவு. முன்பணம் இவ்வளவு கொடுத்திருக்கிறேன். கோர்ட் பீஸ், கமிஷனர் செலவு தனி. சரிதானே?" அவர் "சரி" என்று பதில் போட்டால் போதும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63 ஆம் பிரிவுப்படி உரிய சான்றிதழோடு இதைச் சாட்சியமாகக் காட்டலாம். போனை மாற்றும்போது செய்தியை அழித்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

பணத்தைக் குமாஸ்தா கையில் கொடுத்துவிட்டு ரசீது கேட்காமல் வருவதும், பீஸையும் செலவையும் ஒரே கட்டாகத் தருவதும் சேர்ந்தே நடக்கும் தவறுகள். வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளின்படி, கட்சிக்காரர் பணத்துக்கு வக்கீல் கணக்கு வைக்கவேண்டும். வாங்கியது பீஸா செலவா என்று அதில் குறிக்கவேண்டும். கணக்கின் நகலைக் கேட்டால் தரவேண்டும். வழக்கு நடக்கும்போது செலவுக்கு வாங்கியதை உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பீஸில் சேர்க்க முடியாது. கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பெரியவர்கள் நினைப்பது வேடிக்கைதான். ஐந்தொகை பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா!

"ஜெயித்தால் பத்துக்கு ஒன்று", "நிலத்தில் ஒரு பங்கு" போன்ற பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள். வழக்கின் முடிவைப் பொறுத்து பீஸ் பேசுவதும், கிடைப்பதில் பங்கு கேட்பதும் இந்தியாவில் வக்கீலுக்குத் தடை. தீர்ப்புத் தொகையில் சதவீதம் கேட்டு, அதற்காக வாங்கிய செக்கை வைத்து ஒரு வக்கீல் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2017 இல் ரத்து செய்தது. பீஸுக்கு ஈடாக வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுத் தருவதையும் இதோடு விட்டுவிடுங்கள்.

பங்காளிகள் சேர்ந்து ஒரே வக்கீலை வைக்கும்போது, யார் எவ்வளவு தருவது என்பதை அவர்களுக்குள்ளும் எழுதிக்கொள்ள வேண்டும். எல்லோரும் சேர்ந்து தருகிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்தால், முழுத் தொகையையும் யாராவது ஒருவரிடமே கேட்க ஒப்பந்தச் சட்டத்தின் 43 ஆம் பிரிவு இடம் தருகிறது. கொடுத்தவர் மற்றவர்களிடம் பங்கு கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஊரில் இருக்கும் ஒருவர் மாட்டிக்கொள்வது இப்படித்தான். மலேசியாவில் இருப்பவர் பவர் பத்திரம் அனுப்பியதோடு தன் வேலை முடிந்தது என்று இருப்பார்.

சண்டை முற்றிய பிறகு வேறு தவறுகள். பாக்கி இருப்பதால் கேஸ் கட்டைத் தரமாட்டேன் என்று வக்கீல் சொன்னால், பயந்து கேட்டதையெல்லாம் கொடுத்துவிடாதீர்கள். பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000 இல் உச்ச நீதிமன்றம் ஆர்.டி. சக்சேனா வழக்கில் சொல்லிவிட்டது. பாக்கிக்கு அவர் தனியாக வழக்குப் போடட்டும். அதேபோல, நடுவில் தக்க காரணம் இல்லாமல் விலகும் வக்கீல், செய்யாத வேலைக்கான பீஸைத் திருப்பித் தரவேண்டும். நீங்களும் பழைய வக்கீலிடம் சொல்லாமல் புது வக்காலத்தோடு போய் நிற்காதீர்கள். அவர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரவேண்டும். மறுத்தால் நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்கலாம்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்கு ஓடுவதில் இப்போது பயனில்லை. வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டைத் தராதது, பணத்துக்குக் கணக்குக் காட்டாதது போன்ற ஒழுங்குமீறல் என்றால் சென்னையில் உள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு 1961 ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35 ஆம் பிரிவின் கீழ் புகார் கொடுக்கலாம். அது வக்கீலைக் கண்டிக்கும், தொழில் செய்யத் தடை விதிக்கும், பதிவையே நீக்கவும் செய்யும். கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கும் வழி சிவில் வழக்குத்தான், அதற்குக் காலவரம்பு மூன்று வருஷம்.